எதிர்க்கடை பைசல் சொன்ன பம்ப்

சென்னீர்குப்பத்தில் இருபத்தாறு வருடமாகக் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் ஷவுகத் அலிக்கு, எதிர்ச்சாரியில் பைசல் கடை போட்ட நாளிலிருந்து வயிற்றெரிச்சல். டீ கிளாஸும் கையுமாக வாசலில் நின்று, அங்கே நிற்கும் கார்களில் தன்னிடம் வந்துகொண்டிருந்தவை எத்தனை என்று பார்ப்பார். டீ ஆறிப்போகும். பானெட்டில் காதை வைத்து எஞ்சினின் நோவைச் சொல்கிறவர் அவர். பைசல் லேப்டாப்பைச் சொருகிச் சொல்கிறான். ஜனம் அவன் பக்கம் போனது.

போகாமல் நின்றவள் ஆவடி வித்யா ஒருத்திதான். ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காகக் காரில் பெரிய டர்போ போட்டிருந்தாள். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் கம்பெனி பம்ப் அதற்குப் போதவில்லை. வேறு பம்ப் வாங்கி வைக்கிறேன் என்று ஷவுகத் சொல்லியிருந்தார். அன்று காலை அவளே ஒரு டப்பாவோடு வந்து இறங்கினாள்.

"பைசல் இதத்தான் போடச் சொன்னாரு பாய்."

"அவனாண்ட ஏம்மா போன? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"சும்மா ஒரு வார்த்த கேட்டேன். பொண்டாட்டி மாதிரி சண்ட போடாதீங்க."

ஷவுகத் சிரிக்கவில்லை. தான் வாங்கி வைத்த பம்பையும் பைசல் சொன்னதையும் பேட்டரியில் இணைத்து, பம்புக்கொரு கேனில் பெட்ரோலை ஓடவிட்டார். இவருடைய கேன் முதலில் நிரம்பியது.

"பாத்தியா? உன் பைசல் பம்ப் இன்னும் முக்கிகினு கீது!"

"அப்ப உங்களுதே போடுங்க பாய். ஞாயித்துக்கெழம டிராக்ல ஓட்டணும்."

பின்சீட்டைக் கழற்றி டேங்க் மூடியைத் திறந்தவரின் கை அதற்குமேல் ஓடவில்லை. திறந்த குழாயில் எந்தப் பம்பும் கொட்டும். டர்போ வேலை செய்யும்போது அதன் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளுவதுதான் கணக்கு. அங்கே பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகிவிடும். இது தெரியாதவரா அவர்? பிரஷர் மீட்டர் டிராயரில்தான் கிடந்தது. வேண்டுமென்றே எடுக்காமல் விட்டிருந்தார்.

போய் எடுத்து வந்தார். ஒவ்வொரு குழாயிலாக மாட்டி, பெட்ரோல் போகும் வழியை அடைக்கும் திருகை இறுக்கினார். அழுத்தம் ஏற ஏற, இவருடைய பம்ப் கோடைக்காலத் தெருக்குழாய் போல நூலாக வடிந்தது. பைசல் சொன்னது அசரவில்லை.

"பாய், இந்த மீட்டர் மொதல்லயே இருந்துதா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன்..."

"வயித்தெரிச்சல்மா. வேற இன்னா சொல்ல?" அவர் நிமிரவில்லை. "அவன் சொன்னதே போட்டுடறேன். ஆனா நான்தான் போடுவேன்."

வித்யா சரியென்று தலையை ஆட்டினாள். எட்டு வருடமாகச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறவள், அன்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கார் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவர் முடுக்கும் ஒவ்வொரு திருகையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்ச்சாரியில் யாரோ ஒருவர் பைசலிடம் சாவியை வீசிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார். ஷவுகத் அலி அந்த ஆட்டோ மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.