இலையை விலக்கி எடுத்த படம்

கடைத்தெருவில் அவருக்கு "மூஞ்சி தெரியணும்" என்றுதான் பெயர். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் சின்ன ஸ்டுடியோ அவருடையது. வந்து உட்காருகிறவர்களின் பின்னால் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார், நெற்றியில் விழும் முடியை ஒதுக்கச் சொல்வார், "மூஞ்சி தெரியணும், மூஞ்சி" என்று உயிரை வாங்குவார்.

அப்படிப்பட்டவருக்குக் காட்டுப் பறவைகள் மேல் பித்துப் பிடித்தால் என்ன ஆகும்? காலையில் கடையை மனைவி திறப்பாள். அவர் விடிந்ததுமே ஊருக்கு வெளியே காட்டில் இருப்பார். அடர்ந்த காட்டில் எந்தப் பறவையும் மோவாயை நிமிர்த்தி உட்காருவதில்லை. ஒன்றின் கண்ணை இலை மறைக்கும், இன்னொன்றின் அலகுக்குக் குறுக்கே கொடி போகும். ஆண்டுதோறும் ஒரு நாட்காட்டி நிறுவனம் பறவைப் படங்களுக்குப் போட்டி வைத்தது. அவரும் விடாமல் அனுப்பினார். இலை மறைக்கிறது என்று அவர்களும் விடாமல் திருப்பினார்கள். ஒரு மாதத்துக்காவது தன் படம் யார் வீட்டுச் சுவரிலாவது தொங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

இந்த முறை ஒரு கூடு கிடைத்தது. தலை உயரப் புதரில் நீல முதுகும் ஆரஞ்சு மார்புமாக ஒரு பறவை, அதனடியில் வாய் பிளக்கும் குஞ்சுகள். முன்னால் ஒரே இலை மயம். கை சும்மா இருக்குமா? ஸ்டுடியோத் துணியைப் பிடிக்கும் கிளிப்புகள் பையில் கிடந்தன. மறைத்த கிளைகளை வளைத்துப் பக்கத்துக் கிளையோடு கிளிப் போட்டார். ஓர் இலையைக்கூட ஒடிக்கவில்லை என்று தனக்குத் தானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டார். வெயில் ஏறியபின் பறவை வந்து, கூட்டின் மேல் நின்று இரண்டு சிறகையும் அகல விரித்தது. எடுத்துத் தள்ளிவிட்டார். கால் தரையில் பாவாமல் கடைக்கு வந்து சேர்ந்தார்.

மனைவியைக் கணினி முன்னால் உட்கார வைத்துப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"பாத்தியா, எனக்காகவே விரிச்சுக் காட்டுது."

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "காட்டலைங்க. குடை பிடிக்குது. வாயைப் பாருங்க, மூச்சு வாங்குது. பிள்ளைங்க மேல வெயில் படுது போல. ஏங்க, அங்க நிழலே இல்லையா?"

நிழல் இருந்தது. அவர்தான் அதைக் கிளிப் போட்டு ஒதுக்கியிருந்தார். படம் கிடைத்த குஷியில் கிளிப்பைக் கழற்றவும் மறந்திருந்தார்.

முக்காலியில் படத்துக்குக் காத்திருந்த ஒரு வங்கி ஊழியரிடம் "இப்படியே இருங்க, வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். பாவம், அந்த மனிதர் வெகுநேரம் அசையாமல் இருந்தாராம்.

பறவை இன்னும் அங்கேயே நின்றது. விரித்த சிறகுகள் நடுங்கின. காலையைவிடக் கிட்டத்தில், காலையைவிட நல்ல வெளிச்சத்தில். அவர் கை கேமராவுக்குப் போனது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு கிளிப்புகளைக் கழற்றினார். பறவை பறந்தது. கிளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து கூட்டை மூடின.

தள்ளிப் போய் நின்றார். குஞ்சுகளின் சத்தமே இல்லை. வெட்கமும் பயமுமாக அழுகை வந்தது. கடைசியில் நீலமாக ஏதோ இலைக்குள் நுழைந்தது, உள்ளே கீச்சென்று ஒரு குரல் கேட்டது. ஒரு குஞ்சா, எல்லாக் குஞ்சுகளுமா என்று அவருக்குத் தெரியவில்லை. விலக்கிப் பார்க்கவும் முடியாது.

கடை அடைக்கும் நேரத்தில் மனைவி கேட்டாள்: "போட்டிக்கு அனுப்பலையா? இன்னைக்குத்தானே கடைசி நாள்?"

"இல்ல."

"இத்தனை வருஷமா இதுக்குத்தானே அலைஞ்சீங்க. இந்தத் தடவை கண்டிப்பா எடுத்துக்குவாங்க."

"எடுத்துக்குவாங்க. அழகா இருக்குன்னு எல்லாரும் சொல்வாங்க" என்றார் அவர். "நிழல் இல்லையான்னு நீ கேட்டதை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."