சாம்பல் நிறச் சக்களத்தி

அந்த விமானத்தின் இடுப்பு என்னுடையதைவிட மெல்லியது. அளந்து பார்த்துச் சொல்லவில்லை. என் கணவர் அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துச் சொல்கிறேன். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் அதில் பட, மற்ற மூன்று விரல்களும் காற்றில் விலகி நிற்க, மூச்சைக்கூட ஒரு பக்கமாகத் திருப்பி விட்டுக்கொண்டு பிடித்திருப்பார். கலியாணமாகி வந்த அந்த ஆண்டில் அதே விரல்கள் என்னிடமிருந்து தேத்தண்ணிக் கோப்பையை வாங்கின, கொடியில் காய்ந்த சேர்ட்டை வாங்கின, குடையை வாங்கின. வாங்குவதில் அவை கெட்டிக்கார விரல்கள்.

நாங்கள் அப்போது கிளிநொச்சியில், நீர்ப்பாசனக் கந்தோரின் குவாட்டர்ஸ் ஒன்றில் இருந்தோம். அறுபதுகளின் தொடக்கம். அவர் அங்கே படம் வரைகிறவர். வாய்க்காலும் மதகும் முதலில் அவருடைய மேசையில் கோடாக ஓடிய பிறகுதான் காட்டுக்குள் ஓடும். காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சனங்கள் காட்டை வெட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் எப்போதும் ஒரு கருகல் மணம். நானோ வேலிக்கு வேலி முட்டிக்கொண்டு நிற்கிற ஊரில் பிறந்தவள். இங்கே எங்கு பார்த்தாலும் வெளி. வெளிக்குப் பழகாத கண் கிட்டத்தில் எதையாவது தேடும். எனக்குக் கிட்டத்தில் இருந்தது அவர் ஒருவர். அவருக்குக் கிட்டத்தில் இருந்தது அந்தப் பெட்டி.

சிங்கப்பூரிலிருந்த அவருடைய தமையனார் அனுப்பிய பெட்டி. மூடியில் ஒரு யப்பான் சண்டை விமானம் மேகத்துக்குள் சரிந்து திரும்பும்; இறக்கையில் இரத்தச் சிவப்பில் ஒரு வட்டம். உள்ளே பிளாஸ்ரிக் சட்டங்களில் இறக்கை, வால், சில்லு, விசிறி எல்லாம் துண்டு துண்டாகத் தொங்கின. கூடவே வந்த தாளில் எழுத்தெல்லாம் யப்பான் பாஷை. இலக்கங்களை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் தொடங்கினார். சவர பிளேட்டால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, வெட்டிய இடத்தைச் சீமெந்துத் தரையில் தேய்த்து, பசை தடவி, காயும் வரைக்கும் கையில் பிடித்தபடி இருப்பார். விறாந்தையில் கதிரை போட்டு, கந்தோர் விட்டு வந்ததும் தொடங்கினால் வெளிச்சம் போகும் மட்டும் அதேதான்.

"என்னத்துக்கு இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சின்னனில ஒருக்காக் கண்டனான்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். யுத்த காலத்தில் யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது அவருக்கு ஆறு வயது என்பதும், அங்கிருந்து குடும்பத்தோடு முல்லைத்தீவுப் பக்கம் ஓடிவந்தவர்கள் என்பதும் மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது நான் பாயில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்திருப்பேன். அவருக்கு என்று ஒரு வானம் இருந்தது. அது என் வானமில்லை.

பக்கத்துக் குவாட்டர்ஸில் ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி இருந்தா; எல்லாருக்கும் அவா மிசி. அவாவுக்கு அவர் வயதுதான் இருக்கும். தனி ஆள். வேதக்காரி, ஞாயிறு காலை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வெள்ளைச் சேலையோடு வருவா. அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவல் வாங்கிய அரிக்கன் லாம்பைத் திருப்பித் தர எங்கள் விறாந்தையில் ஏறியவா, மேசையில் கிடந்ததைக் கண்டதும் நின்றுவிட்டா.

"இது அதெல்லே?"

"எது மிசி?" என்றார் இவர்.

"திருகோணமலைக்கு வந்தது."

இவர் எழும்பிவிட்டார். என் தகப்பனார் வந்தபோதுகூட அவ்வளவு வேகமாக எழும்பியதில்லை.

"மிசி திருகோணமலையே?"

"ஓம் அண்ணை. அண்டைக்கு நாங்களும் அங்கதான் நிண்டனாங்கள்."

"நாங்கள் மாட்டுவண்டிலில வெளிக்கிட்டனாங்கள்."

"நாங்கள் நடை."

எனக்கு மூன்று வார்த்தையில் முடிந்த கதை அவாவுக்கு மூன்று ஞாயிறு ஓடியது. அவர் கதைத்தார். இவ்வளவு கதை அவருக்குள் இருந்ததென்று எனக்குத் தெரியாது. குசினிக்குள் நின்று காதை மட்டும் விறாந்தையில் விட்டுவிட்டு, கொதித்த தண்ணீரை மறுபடி கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன்.

மிசி ஆஸ்பத்திரிச் சாமணம் ஒன்றும் கொண்டுவந்தா. அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடுவதே குறைந்தது. விமானத்துக்குள் உட்காரவைக்க ஒரு சின்ன மனுசன் இருந்தான், உழுந்தளவு தலை. அவனைச் சாமணத்தால் பிடித்து மெல்ல உள்ளே இறக்கியது மிசி.

"இவனுக்கு முகம் இல்லையே அண்ணை?"

"இவ்வளவு சின்னனில எப்பிடி மிசி கண் மூக்கு வைக்கிறது?"

"அப்பிடியே இருக்கட்டும்" என்றா மிசி.

இருவர் தலையும் அந்தப் பொட்டுத் தலைக்கு மேலே முட்டாத குறையாகக் குனிந்திருந்தன. நான் தேத்தண்ணித் தட்டத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

"மிசிக்கு ஆஸ்பத்திரியில வருத்தக்காரர் ஒருத்தரும் இல்லையோ?"

மிசி சிரித்தா. "இருக்கினம் தங்கச்சி. ஆனா அவையள் இவ்வளவு அமைதியாக் கிடக்க மாட்டினம்."

அவரும் சிரித்தார். சிரித்தால் அவருக்குக் கன்னத்தில் ஒரு குழி விழும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதையும் இன்னொருத்தி விழவைத்துத்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது.

பெயின்ற் அடிக்கும் நேரம் வந்தது. பெட்டிப் படத்தில் மேல்பக்கம் பச்சை. பச்சை இல்லை, வெள்ளை என்றார் அவர். இரண்டுமில்லை, சாம்பல் என்றா மிசி. சைக்கிள் கடையில் வாங்கிய எனாமல் பெயின்ற் ரின்களை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு வானத்தைப் பிரித்து வழக்காடினார்கள். வெள்ளைக்குள் கறுப்பு ஒரு சொட்டு, மஞ்சள் அரைச் சொட்டு.

"எந்தச் சாம்பல் மிசி? அடுப்புச் சாம்பலோ?"

"இல்லை. வெளிறின சாம்பல்."

அவர் எழும்பிப் போய், என் சாமித்தட்டிலிருந்து திருநீற்றுக் குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். என்னைக் கேட்கவில்லை. மிசிதான் தயங்கினா, கையைச் சேலையில் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்தா.

"தங்கச்சி, தொடலாமோ?"

"தொடுங்கோ" என்றேன். வேறென்ன சொல்வது?

அவா ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இதைவிடக் கொஞ்சம் நனைஞ்சது மாதிரி" என்றா. அவர் உடனே தலையாட்டினார். ஓம், ஓம், அதேதான். எப்படி அதேதான்? ஒருவருடைய ஆறு வயதுக் கண்ணுக்குள் இருந்த நிறம் இன்னொருத்தியின் விரலில் எப்படி அகப்படும்? என் கண்ணுக்குள் என்ன நிறம் இருக்கிறதென்று யாராவது ஒருநாள் குடுவை தூக்கிக்கொண்டு வந்தார்களா?

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. கிரவல் ரோட்டுப் புழுதி முழுவதும் எங்கள் விறாந்தைக்கே விலாசம் எழுதிக்கொண்டு வரும். ஆகவே வேலை முன்னறைக்குள் போனது. எனக்கும் ஒரு உத்தியோகம் கிடைத்தது.

"இஞ்சேரும், கதவைச் சாத்தும். தூசி வருது."

"சாத்தினாப் புழுங்கும்."

"நாங்கள் புழுங்கினாப் பரவாயில்லை. அதில தூசி ஒட்டக் கூடாது."

கதவைச் சாத்தினேன். வெளியே நின்று சாத்தினேன் என்றால் நம்புவீர்களா? பிறகு வேலிக்கரையில் நின்ற பாலை மரத்தைப் பார்த்தபடி அதே புழுதியில் நின்றேன். உள்ளே என் கணவரும், அவருடைய விமானமும், அவருடைய திருகோணமலையும் இருந்தன.

கடைசி வேலை சிவப்பு வட்டங்கள். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் வட்டங்கள் பெட்டிக்குள் இருந்தவைதான். கப்பல் வெக்கையில் சுருண்டு நொறுங்கிப்போயிருந்தன. கந்தோர்க் கவராயத்தால் மெல்லிய வட்டம் போட்டார். உள்ளே நிரப்ப வேண்டும். தூரிகையை எடுத்தார், என்னையும் பார்த்தார், மிசியையும் பார்த்தார். "மிசியின்ர கை ஆடாது" என்று அவாவிடம் நீட்டினார். கண்ணாடி பார்க்காமல் ஒவ்வொரு காலையும் பொட்டு வைக்கிறவள் நான். அந்த வீட்டில் வட்டத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரென்று அவர் ஒரு தரம் என் நெற்றியைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

விமானம் முடிந்தது. உள்ளதைச் சொன்னால், பறந்துவிடும் போலத்தான் இருந்தது. அலுமாரிக்கு மேலே வைத்தார். நான் தலைவாரும் கண்ணாடி அந்த அலுமாரியில்தான். தலையைத் தூக்கினால் அது.

அந்த மாதம் முடிவதற்குள் மிசிக்கு வவுனியா ஆஸ்பத்திரிக்கு மாற்றம் வந்தது. உள்ளுக்குள் ஒரு தேங்காய் உடைத்தேன். அதன் இளநீர் காய முன்னரே அவர் தேயிலைப் பெட்டிப் பலகையில் சின்னதாய் ஒரு பெட்டி அடித்து, பஞ்சு வைத்து, விமானத்தை உள்ளே படுக்கவைத்துவிட்டார்.

"மிசிக்குக் குடுப்பம். என்ன சொல்லுறீர்?"

என்ன சொல்வேன்? வீட்டை விட்டுத் தொலையாதோ என்று நான் நேர்ந்த ஒன்று தொலையப்போகிறது. ஆனால் அவாவின் கையில் போய்த் தொலையப்போகிறது. வவுனியாவில் ஒரு அறையில், அவா தலைமாட்டில், என் கணவரின் விரலெல்லாம் போய் இருக்கப்போகிறது. இரண்டு பொறாமைகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. எது வெல்ல வேண்டுமென்று எனக்கே தெரியவில்லை.

"உங்கட விருப்பம்" என்றேன்.

மிசி பயணம் சொல்ல வந்தா, கையில் சூட்கேசோடு. பெட்டியை நீட்டினார். அவா மூடியைத் திறந்து நெடுநேரம் பார்த்தா. மூடினா. அவர் பக்கமாகத் தள்ளி வைத்தா.

"வேண்டாம் அண்ணை."

"ஏன் மிசி? நீங்கள் இல்லாட்டி இது முடிஞ்சிராது."

"எங்கட அப்பா அண்டைக்குத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர்" என்றா மிசி. "அவர் பின்னால வருவார், நீங்கள் நடவுங்கோ எண்டு அம்மா சொன்னவா. நடந்தனாங்கள்."

சூட்கேசைக் கையில் எடுத்தா.

"எங்களுக்கு மேலால போனதை இவ்வளவு சின்னனாக் கையில வச்சுப் பாக்கலாமெண்டுதான் வந்தனான். பாத்திட்டன். போதும்."

என் தோளில் கை வைத்து, "வாறன் தங்கச்சி" என்றா. கை சுடச்சுட இருந்தது. பஸ் வந்தது, ஏறினா, போனா.

அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். அத்தனை ஞாயிறும் தானே கதைத்துக்கொண்டிருந்தது அவருக்கு அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில், கதிரையில் இல்லை, படியில் இருந்தேன்.

"நீங்கள் அண்டைக்கு என்ன கண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தேன். சொன்னார்.

"எல்லாரும் குழிக்குள்ள குப்புறக் கிடந்தவை. நான் மட்டும் மல்லாக்கக் கிடந்தனான். அது ஒருக்கால் சரிஞ்சு திரும்பேக்க வெயில் முழுக்க அதிலதான். எனக்குப் பயம் வரேல்ல." பெட்டி மூடியைத் திறந்தார். "வடிவா இருந்தது. சரியான வடிவு. இனி இதை மிசிக்கு எப்பிடிச் சொல்லுறது? ஆருக்குத்தான் சொல்லுறது?"

எனக்குச் சொல்லிவிட்டார். மிசிக்கு இல்லை, தமையனுக்கு இல்லை, எனக்கு. இத்தனை மாதம் கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டது இதைத்தான். அவருடைய வெட்கம் முழுவதும் என் மடியில் வந்து விழுந்திருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஆறுதல் சொல்லும் இடம் அது. சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என் காதுக்குள் வடிவு என்ற அந்த ஒரு சொல் மட்டும் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது. கூறைச்சேலையில், கழுத்து நிறைய நகையோடு நின்ற என்னைப் பார்த்து, அழகென்று ஒரு சொல் சொல்லாமல், "வெளிக்கிட்டிட்டீரோ, போவம்" என்றவர் இவர். அந்தச் சொல் இவர் வாயில் இருந்ததே எனக்குத் தெரியாது.

"அப்ப நான்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீர் என்ன?"

"ஒண்டுமில்லை. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."