சிறுமலைக்குப் பெரணி தேடிப் போனேன்

சித்திரை மாதத்து ஞாயிறு, காலை ஏழு மணி. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் சிறுமலை பஸ்ஸில் ஏறினேன். கையில் துணிப்பை, அதற்குள் மண் கிளற ஒரு பழைய கரண்டி. ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் அடுத்த வாரம் வருகிறாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் இந்த மலையிலிருந்து கொண்டுவந்து தொட்டியில் வைத்த பெரணி, பங்குனி வெயிலில் கருகிப்போனது. "செத்ததை எதுக்கு வச்சுப் பாத்துக்கிட்டு?" என்று என் மனைவி வேரோடு பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். நானும் சும்மாதான் இருந்தேன். அதே மாதிரி ஒன்றை நட்டுவிட்டால் மகளுக்குத் தெரியாது என்பது எங்கள் திட்டம்.

"காஞ்சாலும் தண்ணி ஊத்துங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஆயிரம் சொல்வாள், எதை என்று நினைவு வைப்பது!

மலை ஏற ஏற வெயில் தணிந்தது. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. எட்டாவதிலேயே எனக்குத் தலை சுற்றியது. பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மா எலுமிச்சைத் தோட்டத்துக்குப் போகிறவர்.

"எங்கிட்டுப் போறீக?"

"பெரணி எடுக்க."

"இந்த வெயில்ல பெரணியா? நல்ல ஆளுதான்! பழையூர் ஓடைப் பக்கம் போயிப் பாருங்க, நெழல் அங்கதேன் இருக்கு."

ஒன்பது மணிக்கு ஓடைக்கரையில் நின்றேன். காப்பிச் செடிகளுக்கு மேலே பெரிய மரங்கள், காலடியில் சருகு மெத்தை. பெரணிகள் இருந்தன, ஒன்றுவிடாமல் காய்ந்து. வந்ததே தண்டம் என்று எரிச்சலில் ஒன்றைக் கிளறி எடுத்தேன். கிழங்கு கனமாக இருந்தது. நுனியில் பழுப்பு ரோமத்துக்குள், நத்தை ஓடு மாதிரி சுருண்டு ஒரு பச்சைக் குருத்து.

மனைவிக்குப் போன் போட்டேன்.

"அடியே, அந்தப் பெரணி வேரு?"

"அதான் அன்னிக்கே வண்டியில போயிருச்சே. கெடைச்சுச்சா இல்லையா?"

எங்கள் ஊரில் காய்ந்தது என்றால் போனதுதான். கத்தரியும் அப்படி, மல்லிகையும் அப்படி. அந்தக் கணக்கில் உயிரோடு இருந்ததைத் தூக்கி எறிந்திருக்கிறோம். கையில் இருந்ததை எடுத்த குழியிலேயே வைத்து மண்ணை மூடினேன். ஒன்றைக் கொன்றது போதும்.

திரும்புகிற பஸ்ஸில், கீழே மலைக்கோட்டை தெரிகிற வளைவில், மகள் கூப்பிட்டாள்.

"பெரணி எப்படிப்பா இருக்கு?"

"காஞ்சுபோச்சும்மா."

சிரித்தாள். "அதுக்கா குரல் இப்படி இருக்கு? கவலைப்படாதீங்கப்பா, அது தூங்குது. நாலு மழை விழுந்தா தானா எந்திரிச்சுரும். தண்ணியை மட்டும் நிறுத்திராதீங்க."

"சரிம்மா" என்றேன்.