பலகைத் தளத்தில் ஒரு கணப்பு

எண்பதுகளின் நடுவில், போடிக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்து வீட்டின் முன்னால் மரப்பலகையில் ஒரு தளம் போட்டிருந்தேன். சாயங்காலம் உட்கார்ந்து காபி குடிக்க. அதோடு நிறுத்தியிருக்கலாம். கொச்சியில் ஓர் ஏற்றுமதிக்காரர் வீட்டில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் புரட்டியது வினையாகப் போயிற்று. அதில் ஒரு படம்: புகையில்லாமல் கேஸில் எரிகிற கணப்பு, சுற்றிலும் நாற்காலிகள். ஐப்பசியில் மாமனார் தோட்டம் பார்க்க வருவதாக இருந்தது. அவர் மூக்கில் விரலை வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஆள் வைக்காமல் நானே செய்தேன். பலகைமேல் தகரம் விரித்து, மணல் கொட்டி, செங்கல்லை வட்டமாகக் கட்டினேன். போடி லேத் பட்டறையில் இரும்புக் குழாயை வளைத்து ஓட்டை போட்டு வாங்கினேன். பதிந்துவைத்து வருஷக்கணக்கில் காத்திருந்து கிடைத்த சமையலறை சிலிண்டரைத் தூக்கியபோது, மனைவி விறகடுப்பைப் பற்றவைத்தாள். குழாயை மறைக்க ஓடையிலிருந்து வழவழப்பான கற்களாகப் பொறுக்கிவந்து பரப்பினேன்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் தீப்போடுகிறவர் அந்தப் பக்கம் வந்தார். என் வயதுக்காரர். ஒரு கல்லைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

“ஓடைக் கல்லு வேணாம் மொதலாளி. உள்ள தண்ணி குடிச்சிருக்கும், சூட்டுல வெடிச்சிரும். ஸ்டோர்ல பழைய அடுப்புச் செங்கல்லு கெடக்கு, ஒடச்சுக் கொண்டாறேன்.”

கரி பிடித்த செங்கல்லா, மாமனார் முன்னாலா? எனக்குச் சுர்ரென்று வந்தது. “உன் சோலியப் பாருப்பா” என்றேன்.

மாமனார் வந்த அன்று சாயங்காலம் பற்றவைத்தேன். “பரவாயில்லயே மாப்ளே!” என்று நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். கால்மணி நேரம் இருக்கும். வேட்டு போட்ட மாதிரி ஒரு சத்தம். கல்சில்லு தெறித்து அவர் நெற்றி கிழிந்தது. நான் ஓடிப்போய் சிலிண்டரை அடைத்தேன். சத்தம் கேட்டு ஸ்டோர்க்காரரும் ஓடிவந்தார்.

“எவன்யா இந்தக் கல்லப் போட்டது?” என்றார் மாமனார், துண்டால் நெற்றியை அழுத்திக்கொண்டு.

“இவன்தான் பொறுக்கிட்டு வந்தான்” என்றேன். வாய் தவறி வந்துவிட்டது என்று எனக்கு நானே பல வருஷம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். வாய் தவறவில்லை.

ஸ்டோர்க்காரர் என்னைப் பார்த்தார். “ஆமாங்க, நாந்தான். தெரியாமச் செஞ்சுட்டேன்” என்று மாமனாரிடம் சொல்லிவிட்டு, குனிந்து காலடியில் கிடந்த சில்லுகளைப் பொறுக்கினார்.

“நெருப்புச் சோலி தெரியாதவன் கையிலயா மாப்ளே மொத்தக் காயையும் குடுத்திருக்கீங்க?”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன். நிறம் மங்காமல் பச்சையாகவே காயை உலர்த்தி எடுப்பதில் அந்தச் சரிவில் அவருக்கு ஈடு கிடையாது. அது தெரிந்தும், மறுநாள் அவரை ஸ்டோரிலிருந்து எடுத்து மூட்டை தூக்கப் போட்டேன். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு ஒரு பொய்யை யோசித்து வைத்திருந்தேன்.