ஹெட்போன் பெட்டி

தொண்ணூறுகளின் நடுவில், ஞாயிற்றுக்கிழமைகளில் மயிலாப்பூரில் ஒரு மொட்டைமாடி அறையில் நாங்கள் மூன்று பேர் ராக் இசை வாசித்தோம். நான் பேஸ் கிடார். வார நாட்களில் பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியன். டிரம்ஸ் வாசித்தவன் பட்டினப்பாக்கத்துக்காரன். கிடார் வாசித்தபடி ஆங்கிலத்தில் பாடியவன்தான் குழுவைத் தொடங்கினான். பாடுவதற்காகவே தொடங்கினான். தி. நகரில் டேப் ரெக்கார்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். கைக்குக் கிடைத்ததைக் கொண்டு புதிதாக எதையாவது செய்துகொண்டே இருப்பான்.

சத்தம் தாங்காமல் கீழே இருந்த வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொன்னார். கிடார்காரன் ஒரு வாரம் அவகாசம் கேட்டான். அடுத்த ஞாயிறு ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தான். கிடார்களின் ஒயர் அதற்குள் போகும். மூன்று ஹெட்போன்கள் அதிலிருந்து வரும். டிரம்ஸுக்குப் பதில் செருப்பு ரப்பரை வட்டமாக வெட்டி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைகளில் இருக்குமே, அந்த ஒலித் தகட்டை அடியில் ஒட்டி, அதன் ஒயரையும் டின்னுக்குள் விட்டிருந்தான். காதுக்குள் எல்லாம் முழங்கியது. குரலுக்கு மட்டும் மைக் வைக்கவில்லை. தொண்டைக்கு எதற்கு ஒயர் என்றான். அவன் பாடியபோது எங்களுக்கு வாயசைவுதான் தெரிந்தது.

மூன்றாவது பாட்டில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். வீட்டுக்காரர். ஹெட்போன்களைக் கழற்றினோம்.

"சத்தமே இல்லை, ரொம்ப சந்தோஷம்" என்றார். "ஆனா யாருக்குப்பா உடம்பு சரியில்லை? மத்தியானத்துலேர்ந்து ஒருத்தன் முனகிண்டே இருக்கானே. மாமி கஷாயம் வெக்கட்டுமான்னு கேக்கறா."

"யாருக்கும் ஒண்ணுமில்ல மாமா" என்றேன்.

அவர் இறங்கியதும் டிரம்ஸ்காரன், "மச்சி, கஷாயம் உனக்குத்தான்" என்றான். கிடார்காரன் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக ஸ்பீக்கர் இரைச்சலுக்குள்தான் அவன் குரலைக் கேட்டிருந்தோம். தனியாக அவனும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு டின்னில் மைக்குக்கு ஓர் ஓட்டை இருந்தது. குரலைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் வைத்திருந்தான். முழுக்கக் கூட்டி, ஒரு பாட்டைக் கடைசி வரை பாடினான். எங்கள் காதிலும் விழுந்தது. வீட்டுக்காரர் சொன்னது சரிதான். திருகைக் கொஞ்சம் குறைத்திருந்தால் பழையபடி ஓட்டியிருக்கலாம். அது எங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். குறைக்கவில்லை. மைக்கை டிரம்ஸ்காரன் பக்கம் நகர்த்தினான்.

"நீ பாடு."

"இன்னா வெளாடுறியா? எனக்கு இங்கிலீஷ் வராது."

"தமிழ்ல பாடு."

"தமிழ்ல நம்மகிட்ட ஏது நைனா பாட்டு?"

கிடார்காரன் குனிந்து கம்பிகளை முறுக்கிச் சரிபார்த்தான்.

"நான் வாசிக்கிறேன். வாயில வர்றதப் பாடு" என்றான்.