நாலு கடைச் சீட்டும் நாலு ஃபண்டும்

என் அக்கா கணக்கு டீச்சர். மயிலாப்பூரில் ஒரே பள்ளியில், தமிழ் மீடியத்தில், முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தினாள். ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் சிவப்புப் பேனாவை மட்டும் விடவில்லை. மளிகைக் கடை பில், பங்குக் கோயிலின் மாத இதழ், மின்வாரியத்தின் நோட்டீஸ், எதைப் படித்தாலும் அந்தப் பேனா கையில் இருக்கும். இதழில் ஏதாவது தப்பாக இருந்தால் வட்டம் போட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரிடமே கொடுத்துவிட்டு வருவாள். அவரும் பயபக்தியோடு வாங்கிக்கொள்வார்.

நான் அவளைவிட ஒன்பது வயது சின்னவள். இருபத்தாறு வருஷமாக ஜெர்மனியில் ஒரு மெஷின் கம்பெனியில் என்ஜினியர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன். இவ்வளவு வருஷத்தில் எனக்கு ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம், எதையும் அட்டவணை போடாமல் செய்ய முடியாதது. அக்காவின் பாஷையில் சொன்னால், பல் தேய்ப்பதற்குக்கூட.

அந்த டிசம்பரில் வழக்கம்போல ஆறு வார லீவில் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் அவள் ஃபிளாட்டுக்கு வந்தேன். அத்தான் போனதிலிருந்து அவள் அங்கே தனியாகத்தான் இருக்கிறாள். இந்த முறை என் பெட்டியில் சாக்லேட்டோடு ஒரு கடிதமும் இருந்தது. கம்பெனியில் என் பிரிவை மூடப் போகிறார்கள். நானாக விலகிக்கொண்டால் ஒரு மொத்தத் தொகை. இல்லையென்றால் வேறு ஊரில் வேறு வேலை. ஜனவரி முடிவதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

கையெழுத்துப் போட்டால் ஊருக்கே திரும்பி வந்துவிடலாம். எனக்கு அதுதான் ஆசை. ஆனால் அங்கே எனக்குப் பென்ஷன் வர இன்னும் பன்னிரண்டு வருஷம். அதுவரை இந்தத் தொகையும் என் சேமிப்பும் கரையாமல் தாங்க வேண்டும். ஐம்பத்தைந்து வயதில் பணத்தைத் தொலைத்தால் திரும்பச் சம்பாதிக்க முடியாது. ஆகவே துளி ரிஸ்க்கும் இல்லாமல், பல இடத்தில் பிரித்துப் போட்டு, நிம்மதியாகத் தூங்க வேண்டும். இதற்கான அட்டவணை லேப்டாப்பில் தயாராக இருந்தது.

அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் முதல் கேள்வி, "எங்க தங்கப் போற?" என்பதுதான். அங்கேதான் சிக்கல். எங்கள் இருவருக்கும் பாசத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஒவ்வொரு லீவிலும் நாலாவது வாரம் சண்டை வந்துவிடும். போன தடவை அவள் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் நான் லேபிள் ஒட்டினேன். மறுநாள் காலை எல்லா லேபிளும் என் தலையணை மேல் இருந்தன. இரண்டு நாள் பேச்சில்லை. அதனால் என் அட்டவணையின் செலவுப் பக்கத்தில், "வாடகை – அடையாறு – இரண்டு அறை" என்று ஒரு வரி போட்டிருந்தேன். கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் வரலாம், கோபம் வந்தால் பத்து நிமிஷத்தில் ஓடலாம். இதுவும் ரிஸ்க் குறைக்கும் ஏற்பாடுதான்.

இரண்டாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, "தி.நகர் வரைக்கும் வா, சீட்டுக் கட்டணும்" என்று அக்கா கூப்பிட்டாள். நகைக் கடைச் சீட்டு. மாசாமாசம் ஒரு தொகை கட்ட வேண்டும். பதினோரு மாசம் நாம் கட்டினால் பன்னிரண்டாவது மாசத்தைக் கடைக்காரர் கட்டுவார். அதற்கு ஈடாக நகை எடுத்துக்கொள்ளலாம், பணமாகத் தர மாட்டார்கள். பனகல் பார்க் பக்கம் ஆட்டோவை விட்டு இறங்கி, கூட்டத்தில் நீந்தி முதல் கடைக்குப் போனோம். கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துக் கட்டினாள். குளிரக் குளிர ரோஸ் மில்க் கொடுத்தார்கள், கூடவே ஒரு காலண்டர். சரி, கிளம்பலாம் என்று பார்த்தால் அடுத்த கடைக்குள் நுழைந்தாள். அங்கே நீல அட்டை. மூன்றாவதில் பச்சை, நாலாவதில் ரோஸ். நாலாவது ரோஸ் மில்க்கோடு என் பொறுமையும் முடிந்தது.

"எதுக்குக்கா நாலு கடை?"

"ஒண்ணை மூடிட்டு ஓடிட்டான்னா? எத்தனை பேரு ஏமாந்தாங்க, தெரியுமா? நான் பிரிச்சுப் போட்டிருக்கேன்" என்றாள் பெருமையாக.

நான் சிரித்த சிரிப்பை இன்று நினைத்தாலும் கூசுகிறது. திரும்பும் ஆட்டோவில் முழுசாக ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். கடைதான் நாலு, உள்ளே இருப்பது ஒரே தங்கம். தங்கம் விழுந்தால் நாலும் சேர்ந்து விழும். இதற்குப் பெயர் பிரித்துப் போடுவது இல்லை. ஒரே அரிசியை நாலு டப்பாவில் போட்டு வைப்பது. ஐரோப்பாவில் பள்ளிப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். (தெரியாது. வேகத்தில் வந்துவிட்டது.)

அக்கா கடைகளில் கொடுத்த காலண்டர்களை மடியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர்தான் கண்ணாடியில் என்னை முறைத்தார். "இன்னா மேடம் நீங்க, தங்கம் பாட்டுக்கு ஏறிக்கினே கீது. பெரியவங்களைப் போய் பயமுறுத்திக்கினு கீறீங்க?"

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவியதும் அக்கா கேட்டாள். "சரிடி. நீ என்ன பண்ணி வெச்சிருக்க? காட்டு."

இதற்குத்தானே காத்திருந்தேன். லேப்டாப்பைத் திறந்தேன். ஊருக்குத் திரும்பும் விஷயத்தைச் சொல்லாமல், "சும்மா, வயசான காலத்துக்கு ஒரு திட்டம்" என்றேன். முதலில் என் ஜெர்மன் வங்கியின் கேள்வித்தாளைக் காட்டினேன். நமக்கு எவ்வளவு ரிஸ்க் தாங்கும் என்று அதில் கேள்வி கேட்டே கண்டுபிடித்துவிடுவார்கள். அவளையும் பதில் சொல்ல வைத்தேன்.

"உங்கள் முதலீட்டின் மதிப்பு ஒரே மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. என்ன செய்வீர்கள்?"

"அன்னிக்கு என்ன கிழமை?"

"எந்தக் கிழமையா இருந்தா என்னக்கா?"

"ஞாயித்துக்கிழமைன்னா பூசைக்குப் போயிட்டு, நொச்சிக்குப்பத்துல மீன் வாங்கிட்டு வருவேன். மத்த நாள்னா கறிகாய்."

எதையும் செய்யாமல் காத்திருப்பேன் என்ற விடையை அவளுக்காக அழுத்தினேன். இப்படியே பத்துக் கேள்வி. முடிவில், அக்கா ஒரு துணிச்சலான முதலீட்டாளர் என்று வந்தது. அவளுக்கு மாசம் பிறந்தால் பென்ஷன், துணிச்சலுக்கு என்ன குறை? எனக்கு முன்பே வந்த முடிவு: மிகவும் எச்சரிக்கையானவர்.

"அப்படி எச்சரிக்கையானவ எதுல போட்டிருக்க?"

"நாலு ஃபண்டுல. ஒண்ணு உலகம் முழுக்க. ஒண்ணு அமெரிக்கா. ஒண்ணு தொழில்நுட்பம். ஒண்ணு சுற்றுச்சூழலைக் காப்பாத்துறது."

"ஃபண்டுன்னா அதுக்குள்ள என்ன இருக்கும்?"

"கம்பெனிங்களோட பங்கு."

"எந்தக் கம்பெனி?"

ஒவ்வொன்றிலும் அதிகமாக வைத்திருக்கும் முதல் பத்துக் கம்பெனிகளின் பெயரைப் படிக்கச் சொன்னாள். காலையில் வந்த காலண்டர் ஒன்றைக் கிழித்து, அதன் வெற்றுப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். மூன்றாவது ஃபண்டில் பாதி போகும்போதே பேனா நின்றது. மூக்குக்கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பரீட்சையில் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதும் பிள்ளைகளை அப்படித்தான் பார்த்திருப்பாள். நாலாவதையும் எழுதி முடித்த பிறகு இன்னொரு காலண்டரை எடுத்து நாலு வட்டம் போட்டாள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் வருமே, வென்படம், அதேதான். நாலு வட்டமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கிட்டத்தட்ட ஒரே வட்டமாகத் தெரிந்தது. நடுவில், நாலுக்கும் பொதுவான இடத்தில், ஏழு கம்பெனிப் பெயர்களை எழுதினாள். ஏழும் அமெரிக்கக் கம்பெனிகள். சுற்றுச்சூழலைக் காப்பாற்றும் ஃபண்டிலும் அதே ஏழு.

"எனக்கு நாலு கடை, ஒரே தங்கம். உனக்கு நாலு ஃபண்டு, ஒரே ஏழு கம்பெனி. ஆட்டோவுல என்னமோ அரிசின்னு சொன்னியே, அது என்னடி?"

நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். கோபம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம், அதற்கும் கீழே பயம். இந்த அட்டவணையை நம்பித்தான் வேலையை விட இருந்தேன். ஊருக்கு உபதேசம் செய்தவளுக்குத் தன் முதுகு தெரியவில்லை. அக்கா காபியோடு பின்னாலேயே வந்தாள். "கணக்குத் தப்பாப் போனா அழிச்சுட்டுப் போடலாம். அதுக்கு எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குற?" என்றாள்.

அடுத்த ஐந்து நாளும் சாப்பாட்டு மேஜைதான் எங்கள் அலுவலகம். முதல் சில வருஷச் செலவுக்கான பணம் ஆடவே கூடாது என்றாள் அக்கா. அதை ஐரோப்பிய அரசுக் கடன் பத்திரங்களில், வருஷத்துக்கு ஒன்றாக முதிரும்படி அடுக்கினோம். அவசரத்துக்கு இரண்டு வங்கிகளில் வைப்பு. நாலு ஃபண்டு போய், உலகம் முழுக்க வாங்குகிற ஒன்று மட்டும், அதுவும் மொத்தத்தில் கால்வாசிக்குள். "யூரோவுல மட்டும் சேத்து வெச்சுட்டு ரூபாயில செலவு பண்ண வேண்டி வந்தா?" என்று ஒரு நாள் கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் ரூபாயில் செலவு செய்யப் போகிறேன் என்று இவளுக்கு யார் சொன்னது? அவசரமாக ரூபாய்க்கும் ஒரு பங்கு ஒதுக்கினேன். வரி விஷயத்தை மட்டும் ஆலோசகரிடம் கேட்பதாக விட்டுவிட்டோம். பதிலுக்கு அவளும் ஒன்று செய்தாள். மஞ்சள் அட்டையும் ரோஸ் அட்டையும் முடிந்தால் புதுப்பிப்பதில்லை, அந்தப் பணம் தபால் ஆபீஸில் முதியோர் திட்டத்துக்குப் போகும். நாலு ரோஸ் மில்க் இரண்டாகக் குறைவதில்தான் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆறாம் நாள் ஞாயிறு. பூசை முடிந்து நொச்சிக்குப்பம் போனோம். வஞ்சரமா சங்கராவா என்று நான் ஒவ்வொரு செவுளையும் புரட்டிப் பார்க்க, மீன்கார அம்மா அலுத்துப்போய், "அக்கா கண்ணால பாத்து வாங்கும். நீ இன்னாமா பரிட்சை வெச்சிக்கினு கீற?" என்றார். அக்கா அதற்குச் சிரித்த சிரிப்பு வீடு வரைக்கும் வந்தது.

மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் அச்சடித்து வைத்திருந்த செலவுப் பக்கம் அவள் கையில்.

"அஞ்சு நாளா பாக்குறேன். எல்லா வரியும் புரியுது, இது ஒண்ணு மட்டும் புரியல. ஜெர்மனியில வேலை பாக்குறவளுக்கு அடையாறுல எதுக்குடி வாடகை வீடு?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஊருக்கு வர ஆசை என்றேன். இத்தனை வருஷம் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இருந்தது போதும் என்றேன். நாலாவது வாரச் சண்டைக்குப் பயந்துதான் அடையாறு என்றும் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் தேற்றவில்லை. பேனா மூடியைக் கழற்றினாள். "அடையாறு" என்பதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாள், பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

"எனக்குப் பென்ஷன் இருக்கு. தங்கம் இருக்கு. தபால் ஆபீஸும் வரப்போகுது. வாடகை வருமானம்னு ஒண்ணும் இல்லையே? பின்னாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு. பிரிச்சுப் போடணும்னு நீதானே சொன்ன?" என்றவள், நான் எழுதியிருந்த வாடகையை அடித்துப் பாதியாக்கினாள். "சண்டை போட்டா அந்த மாசம் முழு வாடகை."

"யாரு சண்டையை ஆரம்பிச்சதுன்னு யாரு தீர்ப்பு சொல்றது?"

"வீட்டு ஓனர்."

அங்கேயே கடிதத்தில் கையெழுத்துப் போட அவள் பேனாவைக் கேட்டேன். கொடுக்கவில்லை. "சிவப்புல டீச்சர்தான் போடணும்" என்று சொல்லிவிட்டு நீலப் பேனா தேட எழுந்து போனாள். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

அடுத்த கோடையில் வந்து சேர்ந்தேன். வந்த பிறகு பங்குச் சந்தை ஒரு தடவை நன்றாக விழுந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. கறிகாய் வாங்கிக்கொண்டு வந்தோம். வாடகை ஒழுங்காகக் கொடுத்து வருகிறேன், அதில் மூன்று மாசம் முழு வாடகை. மூன்றும் டப்பா லேபிள் சம்பந்தப்பட்டவை. போன ஒன்றாம் தேதி வழக்கம்போலப் பணத்தை மேஜையில் வைத்தேன். அக்கா எண்ணிப் பார்க்காமல் என் பக்கமே தள்ளினாள்.

"பதினோரு மாசம் நீ கட்டிட்டல்ல? பன்னண்டாவது மாசம் கடைக்காரிதான் கட்டணும்."