டேன் விட்லாக்குக்குக் குனிந்தவர்

டுவேன் பாலுக் ஒன்பது வருடம் குனிந்தே சம்பாதித்தார். அமெரிக்கக் கால்பந்தில் சென்டரின் வேலை அது. பந்தின்மேல் குனிந்து, கால்களுக்கு இடையே அதைப் பின்னால் தள்ளிவிட்டு, எதிரே பாய்ந்து வரும் மலைமாடு போன்ற ஆளைத் தன் உடம்பால் தடுக்க வேண்டும். பின்னால் ஒட்டி நின்று, கை நீட்டிப் பந்தை வாங்கி எறிகிறவன் குவார்ட்டர்பேக். செய்தித்தாளில் படம் வருவது அவனுக்கு. பற்பசை விளம்பரத்தில் சிரிப்பதும் அவன்தான்.

கல்லூரிப் பையன்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கிக்கொள்ளும் டிராஃப்ட் நாளில் டுவேனின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. ஒஹையோவில் அப்பாவோடு வீட்டுக் கூரைகளுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவரை, ஆள் போதாமல் லேக்மென் அணி கூப்பிட்டது. போனவர் அங்கேயே ஒட்டிக்கொண்டார்.

டேன் விட்லாக் அப்படி வந்தவனல்ல. டெக்சஸ்காரன், ஆறரை அடி உயரம், நாடு முழுவதிலும் இரண்டாவதாகப் பொறுக்கப்பட்டவன். அவன் பெயரைச் சொல்லும்போது அணி முதலாளி மேடையிலேயே அழுதார். ஊரில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அவன் எண் போட்ட சட்டை மாட்டிவிட்டார்கள்.

முதல் நாள் பயிற்சியில் அவன் டுவேனிடம் பேசிய முதல் பேச்சு இது: "பெருசு, உன் வேர்வை என் கையெல்லாம் ஒட்டுது. பின்னாடி ஒரு துண்டு சொருகிக்கயேன்."

டுவேன் சொருகிக்கொண்டார். அந்தக் கைக்காகத்தான் ஊரே காத்திருந்தது. கையில் குறையொன்றும் இல்லை. பந்து குண்டு மாதிரிப் போகும். யாரிடம் போகும் என்பதுதான் யாருக்கும் தெரியாது, எறிந்தவனுக்கும் சேர்த்து. ஆட்டத் திட்டங்களைப் படிக்கச் சொல்லி அணி கொடுத்த டேப்லெட்டில் அந்தத் திட்டங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திறந்து பார்த்தான். தலைக்கவசத்துக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் பயிற்சியாளர் சொல்லும் திட்டத்தை, வட்டமாகக் கூடி நிற்கும் மற்ற பத்துப் பேருக்கும் அவன்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வார்த்தையோடு நாக்கு நின்றுவிடும். மிச்சத்தை டுவேன் ஊகித்து முடித்துவைப்பார். அடுத்த வருடமும் இதே கதைதான். தொலைக்காட்சியில் அவனுடைய 'தலைமைப் பண்பை' வியந்துகொண்டிருந்தார்கள்.

அந்த இரண்டாவது வருடம் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றபின், பத்திரிகைக்காரர்கள் முன்னால் டேன் வாயைத் திறந்தான். "எனக்கு முன்னாடி நிக்கிறவங்க ஒழுங்கா நின்னாத்தான நான் எறிய முடியும்? கதவைத் திறந்துவிட்டு, வாங்க வாங்கன்னு வழி விட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

டுவேன் அப்போது உடைமாற்றும் அறை டிவியில் இதைக் கேட்டபடி, இட்லிப் பானை போல வீங்கிய முழங்காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆர்லோ, இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன், முறிந்த விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு நல்ல பனி. முதல் திட்டத்துக்கே டேன் திணறினான். "வலப்பக்கம் மூணு பேரு... அப்புறம்..." என்று வழக்கம்போல டுவேனைப் பார்த்தான்.

"சொல்லுங்க சார்," என்றார் டுவேன். "உங்க வாயால கேக்கத்தான் நிக்கிறோம்."

"விளையாடாத பெருசு. சொல்லு."

"கதவு திறக்கிறவனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?"

ஆட்டத்தைத் தொடங்கக் கொடுத்திருந்த நேரம் ஓடிவிட்டது. நடுவர் மஞ்சள் கொடியை வீசி, அணியை ஐந்து கெஜம் பின்னால் தள்ளினார். மறுபடியும் அதே தடுமாற்றம், மறுபடியும் கொடி. மூன்றாவது முறை ஆர்லோ, "ஹோட்டல் மெனுவாச்சும் சொல்லுடா, குளிர்ல செத்துருவோம்," என்றான். அரங்கமே ஊளையிட்டது. அவன் எண் போட்ட சட்டைக்காரர்கள்தான் மற்றவர்களைவிடச் சத்தமாக ஊளையிட்டார்கள்.

டேன் வலது தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான். யாரும் தொடாத தோள். அப்படியே வெளியே நடந்துவிட்டான். மாற்று ஆட்டக்காரரான ரஸ், வழுக்கை விழுந்த மனிதர், உள்ளே வந்து திட்டத்தை ஒரே மூச்சில் சொன்னார். அன்று லேக்மென் ஜெயித்தது.

மறுநாள் பயிற்சியாளர் மெர்ட்டன் டுவேனைக் கூப்பிட்டார்.

"நேத்து நீ அவனுக்கு உதவல."

"இத்தனை நாளா உதவினது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்னை நிக்க வச்சுக் கேக்கறீங்க?"

மெர்ட்டன் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அவன ரெண்டாவது ஆளா எடுத்தது நாங்க, டுவேன். அவன் மட்டம்னு ஒத்துக்கிட்டா எங்க மூஞ்சில காறித் துப்புவாங்க. நீ மட்டம்னு சொன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"முதுகெலும்பு இருந்தா நிமிந்து பாத்துச் சொல்லுங்க."

அவர் நிமிரவில்லை. வேலை போன டுவேன் பையைக் கட்டப் போனார். வழியில் சிகிச்சை அறைக் கட்டிலில் டேன் கால் நீட்டிப் படுத்திருந்தான். ஐஸ் கட்டியிருந்தது இடது தோளில்.

"மனசுல வச்சுக்காத பெருசு."

"தோளை மாத்திக் கட்டுடா," என்றார் டுவேன். கோபமாகக்கூட இல்லை. செருப்பில் ஒட்டியதைப் புல்லில் தேய்த்துவிட்டுப் போகிறவர் மாதிரிப் போனார்.

டேன் மேலும் இரண்டு வருடம் அங்கேயே இருந்தான். அதற்குள் மெர்ட்டன் வேலையை இழந்தார். அவரை நினைத்து டுவேன் ஒரு வாய் பீர்கூட வீணாக்கவில்லை. பிறகு டேன் வேறொரு அணி, இன்னொரு அணி என்று போய், எங்கும் இல்லாமல் ஆனான். இப்போது தொலைக்காட்சியில் உட்கார்ந்து, எந்தப் பையன் நல்ல குவார்ட்டர்பேக் ஆவான் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

டுவேன் அப்பாவின் கூரைத் தொழிலைப் பார்க்கிறார். முழங்கால் ஏணி ஏற விடாது. கீழே நின்றபடி வேலை வாங்குவார்.

போன இலையுதிர் காலத்தில் கெல்சி என்ற பத்திரிகைக்காரி ஃபோன் செய்தாள். பெரிதாக எதிர்பார்க்கப்பட்டுச் சரிந்தவர்களைப் பற்றிக் கட்டுரையாம்.

"அவர் மேல எவ்வளவு பெரிய பாரம் இருந்திருக்கும், இல்லீங்களா?"

"பாரமா? அவன் மேல விழ வேண்டியதெல்லாம் முன்னாடி நின்னு தடுத்த எங்க அஞ்சு பேர் மேல விழுந்துச்சும்மா. அவன் சட்டையில சேறுகூட ஒட்டல."

"அவரோட திறமை ஏன் வீணாச்சு?"

"கையில பெரிய திறமை இருந்துச்சு, இல்லைங்கல. நாளைக்கு என்ன வேலைன்னு ராத்திரி ஒருதரம் படிச்சுப் பாக்கிற புத்திதான் இல்ல. எங்க கூரை வேலைக்கு வந்திருந்தா மத்தியானச் சோத்துக்கு முன்னாடியே அனுப்பிச்சிருப்பேன்."

கட்டுரை வந்ததும் மனைவி ரொசான் சமையலறையில் உரக்கப் படித்தாள். விதி, வயது, மன அழுத்தம் என்று கண்ணீர் சிந்தியபடி போனது. கடைசிப் பக்கத்தில் டுவேன் சொன்னது ஒரே ஒரு வரி, பெயர்கூட இல்லாமல்: "கையில் பெரிய திறமை இருந்தது, என்று நினைவுகூர்கிறார் முன்னாள் அணித் தோழர்."

"அவ்வளவுதானா?" என்றார் டுவேன்.

"அவ்வளவுதான். படத்துல அவன் பல்லு நல்லா பளிச்சுனு இருக்கு."

டுவேன் பத்திரிகையை வாங்கி இரண்டாக மடித்து, வாசலில் சேறு படிந்து கிடந்த பூட்ஸுக்கு அடியில் விரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.